காற்புள்ளியும் 20 மதிப்பெண்ணும்: நியூ சவுத் வேல்ஸ் மேல்நிலை ஆங்கிலத் தாளில் ஒரு கட்டுரை நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததற்கான எச்.எஸ்.சி. சான்றிதழ் வாங்க வேண்டுமானால் தப்பிக்க முடியாத பாடம் ஒன்றுதான், ஆங்கிலம். கணிதத்தைக்கூட விட்டுவிடலாம். பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கும் ஏடார் கணக்கிலும் ஆங்கிலத்தின் 2 யூனிட் கட்டாயம் சேரும். எந்த மட்டத்தில் படிப்பது என்பது மட்டுமே மாணவர் கையில் இருக்கிறது. இலக்கியத்தை முழு வீச்சில் படிக்கும் மட்டத்துக்குப் பெயர் 'இங்கிலீஷ் அட்வான்ஸ்டு'. இங்கே பேசுவது 2017-ல் வெளியாகி 2019-ல் முதன்முதலாகத் தேர்வுக்கு வந்த பாடத்திட்டத்தை. அதிலும் ஒரே ஒரு பகுதியை, 'பிரதிகளின் உரையாடல்' என்னும் மாட்யூல் ஏ-வை. எடுத்துக்கொண்ட இணை, பழைய ஆங்கிலக் கவிஞர் ஜான் டன்னின் கவிதைகளும், டன்னையே ஆராயும் பேராசிரியர் ஒருவர் புற்றுநோயால் சாவதைக் காட்டும் மார்கரெட் எட்சனின் 'விட்' (Wit) நாடகமும்.

தேர்வின் எலும்புக்கூடு இது. முதல் தாள் 40 மதிப்பெண். வாசிக்க 10 நிமிடம், எழுத ஒன்றரை மணி நேரம். இரண்டாம் தாள் 60 மதிப்பெண். வாசிக்க 5 நிமிடம், எழுத 2 மணி நேரம். இரண்டாம் தாளில் மாட்யூல் ஏ, பி, சி மூன்றுக்கும் தலா 20 மதிப்பெண், தலா 40 நிமிடம். புத்தகம் உள்ளே கொண்டுபோக முடியாது, மேற்கோள் எல்லாம் நினைவிலிருந்துதான் வர வேண்டும். இறுதி மதிப்பெண்ணில் பாதி பொதுத்தேர்விலிருந்தும் பாதி பள்ளி மதிப்பீட்டிலிருந்தும் வரும். பன்னிரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒதுக்கிய வகுப்பு நேரம் சுமார் 30 மணி. டன்னுக்கும் எட்சனுக்கும் சேர்த்தே 30 மணி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவதில் பாதி புரிந்துவிடும்.

ஆய்வுக்கு எடுத்த விடைத்தாள்

இது எந்த மாணவரின் உண்மைத் தாளும் அல்ல. இந்த இணையைப் படிப்பவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்களை ஒன்றாகத் தைத்த மாதிரித் தாள். வினாவும் தேர்வுப் பாணியில் அமைத்ததுதான்: 'பிந்திய பிரதி முந்திய பிரதியை விளக்குவதில்லை, அதோடு வாதாடுகிறது. நீங்கள் படித்த இணைக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும்?' தாளின் இரண்டாம் பத்தி, தமிழில்:

'டன் மறுமலர்ச்சிக் காலக் கவிஞர். அக்காலத்தில் மக்களுக்குக் கடவுள்மீது ஆழ்ந்த நம்பிக்கை இருந்தது. "மரணமே, செருக்குக் கொள்ளாதே" என்ற கவிதையில் அவர் மரணத்தை ஆளாக உருவகித்து அதை வெல்கிறார். இதேபோல எட்சனின் நாடகத்தில் பேராசிரியர் விவியன் பேரிங் புற்றுநோயை எதிர்கொள்கிறார். ஆனால் எட்சனின் காலம் மதச்சார்பற்றது, ஆகவே விவியன் மனித அன்பை நாடுகிறார். இவ்வாறு இரு பிரதிகளும் மரணத்தை வெவ்வேறு விதமாகக் காட்டுகின்றன.'

படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. இலக்கணப் பிழை இல்லை, கவிதையின் பெயர் இருக்கிறது, உத்தியின் பெயர் இருக்கிறது, காலப் பின்னணிகூட இருக்கிறது. முழுக் கட்டுரையும் இப்படியே போனால் கிடைப்பது 20-க்கு 11, மிஞ்சினால் 12. மதிப்பீட்டு அளவுகோலில் 17 முதல் 20 வரை முதல் படி, 13 முதல் 16 வரை இரண்டாவது, 9 முதல் 12 வரை மூன்றாவது. தாள் மூன்றாவது படியில் உட்கார்ந்திருக்கிறது. இரவெல்லாம் படித்த பிள்ளைக்கு இது ஏன் என்று புரிவதே இல்லை, வீட்டில் இருப்பவர்களுக்கு அதைவிடக் குழப்பம். 'எல்லாம் எழுதியிருக்கிறாளே!'

எல்லாம் எழுதியிருப்பதுதான் சிக்கல். அந்தப் பத்தியில் எட்சனின் பெயரை எடுத்துவிட்டு, புற்றுநோய் பற்றிய வேறு எந்த நாடகத்தின் பெயரைப் போட்டாலும் பத்தி அசையாமல் நிற்கும். இந்த மாற்றிப்போடும் சோதனையை ஒவ்வொரு பத்திக்கும் செய்து பார்க்கலாம், அரை நிமிடம் போதும். பெயரை மாற்றியும் பத்தி நின்றால் அங்கே உரையாடல் நடக்கவில்லை, இரண்டு தனிப்பேச்சுகள் அடுத்தடுத்து நடந்திருக்கின்றன. 'இதேபோல', 'ஆனால்' என்ற இரண்டு கீல்களில் மொத்தப் பத்தியும் தொங்குகிறது. மாட்யூல் கேட்பது ஒப்புமை வேற்றுமைப் பட்டியலை அல்ல. ஒரு பிரதி இன்னொன்றோடு எங்கே ஒத்தொலிக்கிறது, எங்கே மோதுகிறது, அந்த மோதலால் பழைய பிரதியை நாம் படிக்கும் விதம் எப்படி மாறுகிறது என்பதைத்தான் அது கேட்கிறது.

முதல் ஓட்டை: 'அக்காலத்தில் மக்களுக்கு'

டன் 1572-ல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். கத்தோலிக்கராக இருப்பதே இங்கிலாந்தில் ஆபத்தாக இருந்த காலம் அது. பாதிரியார் ஒருவருக்கு மறைவிடம் கொடுத்ததற்காகச் சிறைப்பட்ட அவருடைய தம்பி ஹென்றி, 1593-ல் நியூகேட் சிறையிலேயே காய்ச்சல் கண்டு இறந்தார். டன் 1615-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருவானார், 1621-ல் லண்டன் புனித பவுல் பேராலயத்தின் தலைமைக் குரு. பிறந்த மதத்தை விட்டு வந்தவர், அந்த மதத்தில் நிற்பதன் விலையைத் தம்பியின் சாவில் கண்டவர். இப்படிப்பட்டவரின் புனித சானெட்டுகள் என்னும் பதினான்கு வரிக் கவிதைகளை 'ஆழ்ந்த நம்பிக்கை' என்ற இரண்டு சொல்லில் அடைப்பது தகவல் குறைவு மட்டுமல்ல, தவறான வாசிப்பும்கூட. 'நச்சுக் கனிமங்கள்' என்று தொடங்கும் சானெட்டைப் பாருங்கள். கனிமத்துக்கும் பாம்புக்கும் ஆட்டுக்கும் இல்லாத நரகத்தண்டனை எனக்கு மட்டும் ஏன் என்று எட்டு வரி கடவுளிடம் வழக்குப் பேசுகிறான் கவிதைசொல்லி. ஒன்பதாம் வரியில் 'உன்னோடு வாதாட நான் யார்?' என்று திடீரெனச் சுருள்கிறான். கடைசியில் கேட்பது மன்னிப்பைக்கூட அல்ல, கடவுள் தன் பாவங்களை மறந்துவிட வேண்டும் என்பதை. நம்பிக்கை உறுதியாக உள்ளவன் பேசும் பேச்சா இது?

காலப் பின்னணிக்கு ஒரு நடைமுறை விதி உண்டு. பின்னணித் தகவல் தனி வாக்கியமாக நிற்கக் கூடாது. ஒரு வரியை, ஒரு திருப்பத்தை விளக்கும் வாக்கியத்துக்குள் துணைத்தொடராக நுழைய வேண்டும். 'கத்தோலிக்கத்தை விட்டு வந்த ஒருவரின் பதற்றம் ஒன்பதாம் வரியின் திருப்பத்தில் வெளிப்படுகிறது' என்றால் தகவல் வேலை செய்கிறது. வரியோடு ஒட்டாத தகவலை எழுதாமலே விடலாம், மதிப்பெண் குறையாது.

எட்சன் பக்கமும் இதே நோய்தான். 'மதச்சார்பற்ற, பின்நவீனத்துவ உலகம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நாடகம் 1995-ல் கலிபோர்னியாவில் முதலில் மேடையேறியது, 1999-ல் புலிட்சர் பரிசு பெற்றது. எட்சன் பள்ளி ஆசிரியை. அதற்கு முன் மருத்துவமனை ஒன்றில் புற்றுநோய், எய்ட்ஸ் நோயாளிகளின் பிரிவில் வேலை பார்த்தவர். நாடகத்தில் ஆராய்ச்சி மருத்துவத்தின் மீதுள்ள கூர்மையான பார்வை அங்கிருந்து வந்தது. கடவுள் நாடகத்தை விட்டு வெளியேறிவிட்டார் என்பதும் பாதி உண்மைதான். விவியனின் பழைய ஆசிரியை ஆஷ்ஃபோர்டு கடைசியில் படுக்கையில் ஏறி உட்கார்ந்து படிப்பது டன்னை அல்ல, ஓடிப்போகும் முயல்குட்டி பற்றிய சிறுவர் கதையை. எங்கே ஒளிந்தாலும் தாய் முயல் தேடி வந்துவிடும். ஆன்மாவைப் பற்றிய சின்ன உருவகக் கதை என்கிறார் ஆஷ்ஃபோர்டு, எங்கே ஒளிந்தாலும் கடவுள் கண்டுபிடிப்பார். அதை 'நச்சுக் கனிமங்கள்' சானெட்டின் முடிவோடு சேர்த்து வையுங்கள். அங்கே கடவுளின் நினைவிலிருந்து ஒளியப் பார்க்கிறான் ஒருவன், இங்கே ஒளிந்தவரைத் தேடி வருகிறது ஒரு முயல். நாடகமே அந்த சானெட்டை விவியனின் வகுப்புக் காட்சியில் வெளிப்படையாக எடுத்து அலசுகிறது. இத்தனை தூரம் எட்சன் நூல் கோத்து வைத்திருக்க, கட்டுரை அதைத் தொடாமலே போய்விட்டது.

இரண்டாம் ஓட்டை: காற்புள்ளி

இந்த இணையைப் படித்த எல்லோரும் எழுதும் இடம் இது, பெரும்பாலோர் தவறாக எழுதும் இடமும் இதுதான். மாணவியாக இருந்த விவியன் 'மரணமே, செருக்குக் கொள்ளாதே' கவிதை பற்றி எழுதிய கட்டுரையை ஆஷ்ஃபோர்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அவள் பயன்படுத்திய பதிப்பில் கடைசி வரியில் அரைப்புள்ளி, தலைப்பெழுத்தில் மரணம், முடிவில் வியப்புக்குறி. எல்லாம் நாடகத்தனம் என்கிறார் ஆஷ்ஃபோர்டு. அவர் சரியென்று சொல்லும் பதிப்பில் 'மரணம் இனி இராது' என்பதற்கும் 'மரணமே, நீ மடிவாய்' என்பதற்கும் நடுவில் வெறும் காற்புள்ளி. வாழ்வுக்கும் நிலைவாழ்வுக்கும் இடையே ஒரு மூச்சுதான் என்பது அவர் வாசிப்பு.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான சண்டையே அல்ல. நிறுத்தக்குறி இல்லாத ஓலைச்சுவடியில் எங்கே பிரிப்பது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் நம் உரையாசிரியர்கள் நூற்றாண்டுகளாக மல்லுக்கு நின்றார்கள். பதம் பிரித்ததில் பொருள் தலைகீழாவதைச் சிறுவயதிலேயே பார்த்தவர்கள் நாம்.

மாணவர்கள் எழுதுவது: 'டன் காற்புள்ளியைப் பயன்படுத்தி மரணத்தைச் சிறிதாக்குகிறார்.' இதை நிறுவ முடியாது. டன் தம் கைப்பட எழுதிய ஆங்கிலக் கவிதை ஒன்றே ஒன்றுதான் இதுவரை கிடைத்திருக்கிறது, அது இந்த சானெட் அல்ல. கவிதைகள் கைப்பிரதிகளாகச் சுற்றின, அவர் இறந்து இரண்டாண்டு கழித்து 1633-ல்தான் தொகுப்பாக அச்சேறின. நிறுத்தக்குறிகளில் எது டன்னுடையது, எது படியெடுத்தவருடையது என்று அறுதியிட வழியில்லை. ஆகவே சரியான வாக்கியம்: 'ஆஷ்ஃபோர்டின் வாசிப்பில் காற்புள்ளி மரணத்தை ஒரு மூச்சாக்குகிறது.' எழுவாயை மாற்றியதும் கட்டுரை ஒரு படி ஏறிவிடுகிறது. இப்போது காற்புள்ளி டன்னின் உத்தியாக இல்லை, டன்னை எப்படிப் படிப்பது என்று எட்சன் நடத்தும் வாதத்தின் சான்றாகிவிட்டது. வினா கேட்டதும் அந்த வாதத்தைத்தானே?

எட்சன் அங்கேயும் நிற்கவில்லை. அச்சில் நாடகத் தலைப்பின் நடு எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அரைப்புள்ளியை வைக்கிறார், 'W;t' என்று. ஆஷ்ஃபோர்டு வெறுத்து ஒதுக்கிய அதே குறி! ஆசிரியை தள்ளியதை நாடகாசிரியர் தலைப்பிலேயே ஏற்றியிருப்பதால், ஆஷ்ஃபோர்டின் குரலை எட்சனின் குரல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதை ஒரே வரியில் எழுதும் மாணவர் மற்றவர்களிலிருந்து தனியாகத் தெரிவார்.

பத்தியைத் திருத்தி எழுதியது

திருத்தம் சொல்லடுக்கில் தொடங்கவில்லை, சான்றைத் தெரிவதில் தொடங்கியது. இரு பிரதிகளிலும் ஒரே காட்சி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். கருப்பொருள் ஒன்றாக இருந்தால் போதாது. 'மரணம்' என்று தேடினால் எல்லாமே ஒத்துப்போகும், ஒன்றும் மோதாது. 'படுக்கையில் கிடக்கும் உடல், சுற்றி மருத்துவர்கள்' என்று தேடினால் டன்னின் 'என் நோயில் என் கடவுளுக்கு ஒரு துதி' என்ற கவிதையும் மருத்துவர்கள் கூட்டமாக வந்து நோயாளியைப் பார்த்துப் பாடம் கற்கும் நாடகத்தின் 'கிராண்ட் ரவுண்ட்ஸ்' காட்சியும் கையில் வரும். பத்தி இப்படி ஆனது:

'டன்னின் துதியில் நோயாளி தன்னைப் படுக்கையில் விரித்த வரைபடமாக்குகிறான். மருத்துவர்கள் உலகை வரைபவர்களாகிறார்கள். அவர்களை அப்படி ஆக்கியது அவர்களின் அன்பு என்பதால், பிறர் கண்ணுக்குப் படிக்கும் பொருளாவது அவனுக்கு இழிவாகவில்லை. தட்டை வரைபடத்தில் மேற்கும் கிழக்கும் ஒன்றே, அதுபோல் சாவும் உயிர்த்தெழுதலும் தொட்டுக்கொள்கின்றன என்ற ஆறுதலுக்கு அந்த உருவகமே வழி. எட்சன் அதே படுக்கையையும் அதே மருத்துவர்களையும் எடுத்துக்கொண்டு அன்பை மட்டும் கழித்துவிடுகிறார். இளம் மருத்துவர்கள் விவியனைப் புத்தகம்போலப் படிக்கிறார்கள். அந்தப் புத்தகமோ பார்வையாளரிடம் திரும்பித் தன்னைப் படிக்கும் முறையைப் பற்றிப் பேசுகிறது. பாட்டி இறந்ததால் கட்டுரைக்கு அவகாசம் கேட்ட மாணவரை மறுத்த விவியனும் இப்படிப் படித்தவர்தான் என்பதால் குற்றச்சாட்டு அவரையும் சுடுகிறது. டன் ஒரு சொல்லில் கடந்துபோன அன்பை எட்சன் முன்நிபந்தனையாக்குகிறார். அவர் வாதாடுவது டன்னோடு அல்ல, அன்பில்லாமல் டன்னைப் படித்தவர்களோடு.'

பெயரை மாற்றிப்போட்டால் இந்தப் பத்தி சரிந்துவிடும், அதுதான் வேண்டியது, வேறு நாடகத்தின் பெயர் இங்கே பொருந்தாது. கடைசி வாக்கியம் வினாவின் 'வாதாடுகிறது' என்ற சொல்லைப் பிடித்து அதையே திருத்துகிறது. வினாவோடு உடன்படுவதைவிட அதை நுட்பமாக நகர்த்துவதற்கு மதிப்பு அதிகம். 'உருவகம்' என்ற சொல் ஒருமுறை வந்தது, அதுவும் அது என்ன செய்தது என்பதோடு. உத்திகளின் பெயர்களை அடுக்குவது பூதக்கண்ணாடியின் பெயரைச் சொல்லிவிட்டுப் பார்த்ததைச் சொல்லாமல் விடுவதுபோல.

தயாரிப்பு: எவ்வளவு, எப்படி

இப்படி மூன்று பத்தி போதும். நான்கு எழுத முனைபவர்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றையும் அரைகுறையாக விடுகிறார்கள். 40 நிமிடத்தில் கையால் எழுதக்கூடியது 800 முதல் 1000 சொல். முன்னுரைக்கு 120 சொல், பத்திக்கு 220 முதல் 250, முடிவுரைக்கு இரண்டு வாக்கியம்.

தயாரிக்கும்போது ஒரு தாளில் வரிசைக்கு நான்கு கட்டமாகப் போடுங்கள். முதல் கட்டத்தில் இரு பிரதிகளுக்கும் பொதுவான காட்சி அல்லது படிமம். இரண்டாவதில் டன்னின் சொற்கள், மூன்றாவதில் எட்சனின் சொற்கள் அல்லது மேடைக்குறிப்பு. நான்காவதில் இந்த இரண்டையும் சேர்த்துப் படித்ததால் மாறியது என்ன என்று ஒரே வாக்கியம். நான்காம் கட்டம் காலியாக இருக்கும் வரிசையைத் தேர்வுக்கு எடுத்துப் போகக் கூடாது. ஆறு வரிசை நிரம்பினால் எந்த வினாவுக்கும் அதிலிருந்து மூன்றைப் பொறுக்கலாம். மேற்கோள் ஒவ்வொன்றும் மூன்று முதல் ஐந்து சொல், அதற்கு மேல் நீண்டால் நினைவும் தவறும், வாக்கியமும் உடையும். பிரதிக்கு எட்டு மேற்கோள் தாராளம்.

முழுக் கட்டுரையை உருப்போடுவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சிட்னியின் டியூஷன் வகுப்புகளில் இதற்குத்தான் பெரும் பணம் போகிறது. மனப்பாடக் கட்டுரை மோசமானதாக இருப்பதால் தோற்பதில்லை, வேறு வினாவுக்கான நல்ல விடையாக இருப்பதால் தோற்கிறது. சில ஆண்டு பொதுக் கூற்று வரும். சில ஆண்டு பிரதியிலிருந்து ஒரு வரியைக் கொடுத்து அதை வைத்தே எழுதச் சொல்வார்கள். முதல் வாக்கியத்தில் வினாச்சொல்லை ஒட்டவைத்து, மீதியைப் பழையபடி கொட்டும் தாளைத் திருத்துபவர் மூன்றாவது வரியிலேயே கண்டுகொள்வார். உருப்போட வேண்டியவை அந்த ஆறு வரிசைகள்தான். அவற்றை அடுக்கும் முறை தேர்வறையில் பிறக்க வேண்டும்.

தேர்வறையில் வாசிப்பு நேரம் 5 நிமிடமும் மூன்று பகுதிக்கும் சேர்த்துத்தான். அதில் மாட்யூல் ஏ வினாவின் வினைச்சொல்லைப் பிடித்து மூன்று வரிசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். எழுதத் தொடங்கியதும் 4 நிமிடம் திட்டம், 33 நிமிடம் எழுத்து, 3 நிமிடம் மீள்பார்வை. டன்னில் ஊறிப்போய் 50 நிமிடம் எடுப்பவர்கள் உண்டு. அந்த 10 நிமிடம் கழிவது கடைசியில் வரும் மாட்யூல் சி-யின் படைப்பெழுத்தில், அங்கேயும் 20 மதிப்பெண்தான். ஏ-யில் 17-ஐ 18 ஆக்கி, சி-யில் 15-ஐ 10 ஆக்கிக்கொள்வது கெட்ட வியாபாரம்.

மாதிரித் தாளின் முடிவுரையில் இன்னொரு பிழை தனியாக நின்றது. 'படுக்கையில் உயிரற்றுக் கிடக்கும் விவியனின் முகத்தோடும், பின்னணியில் ஒலிக்கும் கவிதையோடும் எட்சன் முடிக்கிறார்' என்று எழுதியிருந்தது. அது மைக் நிக்கல்ஸ் இயக்கி எம்மா தாம்ப்ஸன் நடித்த 2001 தொலைக்காட்சிப் படத்தின் முடிவு. பாடநூல் நாடகம். நாடகத்தில் புத்துயிரூட்டல் வேண்டாம் என்ற ஆணையை மீறி இளம் மருத்துவர் ஜேசன் கூட்டிய குழு படுக்கையைச் சுற்றி இரைந்துகொண்டிருக்கும்போது, விவியன் அதிலிருந்து இறங்கி, தொப்பியையும் கைப்பட்டையையும் அங்கிகளையும் ஒவ்வொன்றாகக் களைந்து ஒளியை நோக்கிக் கை நீட்டுகிறார். அவர் பேசுவதில்லை, கவிதையும் இல்லை. டன்னைச் சொல்லாமல் முடிகிற அந்த மேடைக்குறிப்பை நான்கு கட்டத் தாளின் ஏழாம் வரிசையாகச் சேர்த்ததும் முடிவுரையின் இரண்டு வாக்கியம் கிடைத்துவிட்டது.